பதினொரு பால்பற்கள்

செப்டம்பர் 9, திங்கள்

மகுடபதி சாருக்கு எழுபத்தைந்து நிறைகிறது. ஆய்வு நிலையத்தில் பாராட்டு மலர் போடுகிறார்கள். தொகுக்கும் பொறுப்பு என் தலையில். "சாரோட முதல் மாணவி நீங்கதானே மேடம்" என்று ஆளாளுக்குப் பல்லைக் காட்டினார்கள். முதல் மாணவி இல்லை, ஓடிப்போகாத முதல் மாணவி.

இதுவரை பதினாறு கட்டுரைகள் வந்திருக்கின்றன. ஒன்பதில் அவர் ஆலமரம், நான்கில் கலங்கரை விளக்கம். படித்து முடித்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும்போல் இருந்தது. மதியம் கேன்டீன் சாம்பாரில் கரப்பான் மீசை. இரண்டில் எது மோசம் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 10

மலருக்குப் பழைய படங்கள் தேடினேன். பதினாறு வருஷத்துக்கு முந்தைய ஆயுத பூஜைப் படம் ஒன்று. மெஷினுக்கு மாலை. சுத்த அறையில், மாதிரிகளைக் கரைக்கும் எங்கள் காற்றுப்பெட்டிக்கு மூன்று கோடு விபூதி, நடுவில் பெரிய குங்குமப் பொட்டு. காற்றைக்கூட வடிகட்டி விடும் அறை அது. தலைக்குத் தொப்பியும் கைக்கு உறையும் இல்லாமல் யாரையும் விடமாட்டோம். அதற்குள் குங்குமம். படித்த முட்டாள்கள். படத்தின் ஓரத்தில் குங்குமக் கிண்ணத்தோடு ஒரு கை மட்டும் தெரிகிறது. யார் கையோ.

சிலிண்டர் வந்தது. பழையதை நகர்த்தியதில் முட்டி பிடித்துக்கொண்டது.

செப்டம்பர் 12

சுற்றுச்சூழல் தீர்ப்பாயத்திலிருந்து கடிதம். ஊத்துக்கொல்லையில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் ஆலை, இரண்டு மடங்காகப் பெருக்க அனுமதி கேட்டிருக்கிறது. ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டிருக்கிறார்கள். ஆலைக்காரர்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம், பதினாறு வருஷத்துக்கு முன் அரசுக் குழுவுக்கு நாங்கள் கொடுத்த அறிக்கை. 'அந்த அறிக்கையின் முடிவை இன்றும் உறுதி செய்கிறீர்களா? அக்டோபர் 15க்குள் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யவும்.'

அறிக்கை என்னுடையது. ஈயத்தில் நான்கு எடை உண்டு. அந்த நான்கும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பது சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறும், கைரேகை மாதிரி. பாறையோ தண்ணீரோ எலும்போ, உள்ளே இருக்கும் ஈயத்தின் ரேகையைப் பார்த்து எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். நான் ஊத்துக்கொல்லைப் பிள்ளைகளின் பால்பற்களில் பார்த்தேன். பதினொரு பற்கள். அவற்றில் ஈயம் இருந்தது, ஆனால் அது ஆலையின் ஈயம் இல்லை. வேறு எதிலிருந்தோ, பெயிண்டோ பாத்திரமோ. இதுதான் முடிவு.

அதையே கட்டுரையாகவும் போட்டோம், விருதும் கிடைத்தது. அந்தக் கட்டுரை ஒன்றால்தான் வெளிநாட்டில் என் பெயரைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொண்டார்கள். செண்பகவல்லி என்பது அவர்கள் வாயில் நுழைவதே பெரிய விஷயம். மாணவியாக வந்த நாளிலிருந்து முப்பத்திரண்டு வருஷத்தில் சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான்.

செப்டம்பர் 13

சாரிடமிருந்து போன். தீர்ப்பாயத்துக் கடிதம் எனக்கு வந்ததை எனக்கு முன்பே தெரிந்து வைத்திருக்கிறார். ஆலைக்கு ஆலோசகர் அல்லவா.

"அம்மிணி, ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். ஒரு பக்கத்துக்கு மேல எழுதிப்போடாத. உனக்கு எழுதற வியாதி உண்டு."

போனிலேயே வெற்றிலை மெல்லும் சத்தம் கேட்டது. பிறகு துப்பும் சத்தம். காதைத் துடைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 17

ஹாஜிரா வந்தாள். நான் வருகிற மே மாதம் ஓய்வு பெற்றதும் இந்த ஆய்வகம் அவளுக்குத்தான். மலருக்கு ஆய்வக வரலாறு எழுதுகிறாள். அதற்காகப் பழைய நோட்டுகளை எல்லாம் வரிவரியாகப் படித்திருக்கிறாள். இப்படிப் படிக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பிடிக்கும். இன்று பிடிக்கவில்லை.

"மேடம், பல்லு வேலைக்கு பிளாங்க் எடுத்தது அக்டோபர் ஆறாம் தேதி. பல்லை மெஷின்ல ஓட்ட ஆரம்பிச்சது பதிமூணாம் தேதி. நடுவுல ஒரு வாரம். அப்புறம் பிளாங்க்கே எடுக்கலையா?"

பிளாங்க் என்பது வெறும் பாத்திரம். அதே அமிலம், அதே கை, அதே மெஷின். மாதிரி மட்டும் போடமாட்டோம். அதிலும் ஈயம் வந்தால் அது நம் அழுக்கு. அதைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். பிளாங்க் இல்லாத ரிசல்ட்டை நான் மாணவர்கள் முகத்திலேயே விட்டெறிந்திருக்கிறேன்.

"எடுத்திருப்போம். குறிச்சு வைக்க விட்டுப் போயிருக்கும்" என்றேன்.

"எண்பத்தெட்டாம் பக்கம் இல்ல மேடம். கிழிச்ச மாதிரி இருக்கு."

"பழைய நோட்டு. நூல் விட்டிருக்கும்."

அவள் தலையாட்டிவிட்டு, மேசை மேலிருந்த ஆயுத பூஜைப் படத்தை எடுத்து, ஓரத்தில் இருந்த கையைப் பார்த்தாள். பிறகு என் இடது கையைப் பார்த்தாள். நான் எப்போதும் ஆம்பிளை வாட்ச்தான் கட்டுவேன், முகப்பு மணிக்கட்டின் உள்பக்கம் இருக்கும்படி. அவள் டீ குடிக்காமல் போய்விட்டாள்.

செப்டம்பர் 18

ஸ்டிக்கர் பொட்டு தீர்ந்துவிட்டது. குங்குமம் எனக்கு ஒத்துக்கொள்ளாது, அரிக்கும். பதினாறு வருஷமாக ஸ்டிக்கர்தான்.

செப்டம்பர் 22, ஞாயிறு

ஊத்துக்கொல்லைக்குப் போய் வந்தேன். மலருக்கு ஊர்ப் படம் ஒன்று எடுக்கலாம் என்றுதான் போனேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே அந்த நாற்றம். புளித்த, நாக்கில் போய் ஒட்டிக்கொள்ளும் நாற்றம். அமிலத்தோடு முப்பது வருஷம் குப்பை கொட்டியவள் நான், எனக்கே குமட்டியது. கொடியில் காய்ந்த துணிகள் எல்லாம் ஒரே சாம்பல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தன. ஆலைச் சுவரில் பெரிதாக 'பசுமை காப்போம்' என்று எழுதி ஒரு மரம் வரைந்திருக்கிறார்கள். ஊரில் இலையோடு இருந்த மரம் அது ஒன்றுதான்.

மாதம்மாள் என்னைத் தூரத்திலேயே கண்டுகொண்டாள். "பல்லு டாக்டரம்மா வந்துட்டாங்க" என்று கத்தினாள். பற்களைச் சேகரித்தபோது எனக்கு வாய்த்த ஒரே துணை அவள்தான். விழுந்த பல்லைச் சாணிக்குள் வைத்துக் கூரைமேல் எறிவது அந்த ஊர் வழக்கம். எறியாவிட்டால் அடுத்த பல் சரியாக முளைக்காதாம். பெற்றவர்கள் தரமாட்டேன் என்றார்கள். இவள்தான் முதலில் தன் மகன் பல்லை என் கையில் வைத்துவிட்டு, வீடுவீடாகப் போய் மற்றவர்களிடமும் கேட்டு வாங்கிக் கொடுத்தாள்.

"ஏங்கம்மா, எளைச்சிட்டீங்களே. சாப்புடறதே இல்லீங்களா?" என்றாள். பிறகு உள்ளே பார்த்து, "தீர்த்தகிரி, அம்மாவுக்குத் தண்ணி கொண்டாடா" என்றாள்.

தீர்த்தகிரிக்கு இருபத்துமூன்று வயது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தான். வலது மணிக்கட்டு தொங்கியிருந்தது. பாதித் தண்ணீர் தரையில். என்னைப் பார்த்துச் சிரித்தான். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் மை கொண்டு இழுத்ததுபோல நீலமாக ஒரு கோடு. ஈயம் உடம்பில் ஏறினால் வரும் அந்தக் கோட்டைப் புத்தகப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

"எங்கே வேலை பார்க்கிறே?" என்று கேட்டேன். தெரிந்துதான் கேட்டேன்.

"ஆலையிலதாங்க. உருக்கற எடத்துல. அஞ்சு வருசமாவுது."

"நீங்க சொன்னதாலதான் அனுப்பினேன்" என்றாள் மாதம்மாள். குற்றம் சொல்லவில்லை, நன்றி சொன்னாள்! "ஊருல ஆளாளுக்குப் பயமுறுத்தினாங்க. நான் சொன்னேன், டாக்டரம்மா மிசினுல பாத்தவங்க, அவங்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்னு."

படம் எதுவும் எடுக்கவில்லை. பஸ் வரும்வரை சாலையோரத்தில் வாந்தி எடுத்தேன். காலையில் சாப்பிட்ட பொங்கல் சேரவில்லை.

செப்டம்பர் 23

பொங்கல் இல்லை. அதையாவது இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

செப்டம்பர் 25

ஹாஜிராவைக் கூட்டிக்கொண்டு கோடவுனுக்குப் போனேன். பழைய காற்றுப்பெட்டி அங்கேதான் கிடக்கிறது. எலிப் புழுக்கை, செத்த பல்லி, ஓய்வு பெற்ற இயக்குநர்களின் படங்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு பெட்டியின் கதவைத் தூக்கினோம். வெளிப்பக்கத்துப் பொட்டு எப்போதோ அழிந்துவிட்டது. உள்ளே, பின்சுவரில், காற்று வந்து மோதும் இடத்தில் இன்னொரு பொட்டு. தூசுக்கு அடியில் இன்னும் நல்ல சிவப்பாக இருந்தது.

"உள்ள எப்படி மேடம்?" என்றாள்.

"வெளியில வச்சா அழிஞ்சு போயிடும்னு நினைச்சேன்" என்றேன்.

சொல்லிவிட்டேன். பதினாறு வருஷம் தொண்டையில் கிடந்தது இவ்வளவு சின்ன வாக்கியம்தான்.

அவள், "பஞ்சுல ஒத்தி எடுக்கட்டுமா மேடம்?" என்று மட்டும் கேட்டாள்.

செப்டம்பர் 26

எழுதிவிடுகிறேன். நாளைக்கு மனம் மாறிவிடும்.

அந்த வருஷம் எனக்கு வயது நாற்பத்துமூன்று, ஒன்பது வருஷமாகத் தற்காலிக வேலை. ஆயுத பூஜைக்கு அடுத்த வாரம் நிரந்தர வேலைக்கான நேர்காணல். ஊருக்கெல்லாம் அறிவியல் பேசுகிறவள், கோவில் வாசலில் ஒரு தட்டுக்கடையில் குங்குமம் வாங்கினேன். எது நல்ல சிவப்போ அதைக் கொடு என்றேன். மலிவுக் குங்குமத்தை அப்படிச் சிவக்க வைப்பது எது என்று எனக்குத் தெரியாதா? செந்தூரம். ஈயத்தைச் சுட்டு எடுக்கும் தூள். அதை ஈயம் அளக்கும் பெட்டிக்குள், யாரும் பார்க்காதபோது, கையுறை போட்டுக்கொண்டு (அதில் மட்டும் ஒழுக்கம்) வைத்தேன். பெட்டிக்குள் காற்று இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும். தூள் உதிர்ந்து பாத்திரங்களில் இறங்கியிருக்கிறது.

பதின்மூன்றாம் தேதி பிளாங்க் எடுத்தேன். நாற்பது மடங்கு ஈயம். முதலில் அமிலம் சரியில்லை என்று நினைத்தேன். இரண்டாவது முறையும் அதேதான். புரிந்துவிட்டது. அறையைக் கழுவி மறுபடி தொடங்க இரண்டு மாதம் ஆகும். அரசுக் குழுவுக்கு அறிக்கை கொடுக்க மூன்று வாரம்தான் இருந்தது. சாரிடம் போய்ச் சொன்னேன், என்ன காரணம் என்பதை மட்டும் சொல்லாமல். அவர் தலை நிமிரவில்லை.

"பூசைக்கு முன்னால எடுத்தது இருக்குதல்லோ? அதையே போட்டுரு."

"சரி சார்" என்றேன்.

ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. எண்பத்தெட்டாம் பக்கத்தைக் கிழித்தது அவர் இல்லை, நான். பாதிப் பல்லை அமிலத்தில் கரைத்து ஓட்டினேன். பற்களில் இருந்த கொஞ்சம் ஈயத்தின் மேல் என் குங்குமத்து ஈயம் உட்கார்ந்துகொண்டது. ரேகை மாறிவிட்டது. ஆலை தப்பித்தது. வேலை எனக்கு நிரந்தரமானது. குங்குமம் பலித்துவிட்டது!

இன்னும் ஒன்று பாக்கி. ஊர்க்காரர்களிடம் நாங்கள் எதுவும் பேசவில்லை, அறிக்கை மட்டும்தான் கொடுத்தோம் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லி வந்தேன். பேசினேன். ஊராட்சிப் பள்ளியில் கூட்டம் போட்டு, மைக் பிடித்துப் பேசினேன். முடிந்ததும் மாதம்மாள் வந்து, "அப்ப அந்த ஆலைல வேலைக்குப் போனா ஒண்ணுமில்லீங்களே?" என்று கேட்டாள். நாங்கள் பார்த்தது பிள்ளைகளின் பற்களை. வேலைக்குப் போகிறவர்களைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. "ஒண்ணுமில்ல" என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"செரிங்க" என்றாள்.

சீ.

செப்டம்பர் 28

நாள் முழுக்கப் பாத்திரங்களை அமிலத்தில் கொதிக்க வைத்தேன். என் கையாலேயே. ஹாஜிரா பிளாங்க் எடுத்தாள். பார்த்துவிட்டு மறுபடி எடுத்தாள். இரண்டும் சுத்தம்.

அக்டோபர் 1

பற்களின் மறுபாதி பிலிம் ரோல் டப்பாக்களில் இருக்கிறது. அவ்வளவு வருஷமும் அவற்றை நான் தூக்கிப் போடவில்லை. ஏன் என்று கேட்டால் ஏதாவது நல்ல பதில் சொல்லலாம். உண்மை என்னவென்றால் அந்த அலமாரியை நான் திறக்கவே இல்லை.

ஏழாம் எண் தீர்த்தகிரி. அரிசியை விடக் கொஞ்சம் பெரிது. அதிலும் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை வைத்துவிடச் சொன்னேன். எல்லாவற்றிலும் அப்படியே செய்தோம். இந்த முறை மாதிரியைக் கரைத்தது ஹாஜிரா. நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். அவள் என்னை உள்ளே விடவில்லை.

"நீங்க தொட்டீங்கன்னா நாளைக்கு அதையும் கேப்பாங்க மேடம்" என்றாள். அவள் சொன்னது சரி. கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது.

அக்டோபர் 4

பதினொன்றும் ஆலையின் ஈயம். பதினொன்றும்.

கோடவுன் பொட்டு வேறு ரேகை. பழைய அறிக்கையின் எண்கள், பற்களுக்கும் பொட்டுக்கும் நடுவில், கயிறு கட்டினதுபோல் வரிசையாக விழுகின்றன, இரண்டும் கலந்ததற்குச் சாட்சியாக. இவ்வளவு அழகான வரைபடம் என் வாழ்நாளில் போட்டதில்லை. ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். அதற்காகவே என்னை நானே காறித் துப்ப வேண்டும்.

அக்டோபர் 7

சார் நேரில் வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் நாற்காலியில் உட்கார்ந்தார். குப்பைக்கூடையை எட்டிப் பார்த்து அதில் வெற்றிலையைத் துப்பினார்.

"ஏனம்மிணி, கட்டுரையில மொதப் பேரு உன்னுது. என்னுது கடைசி. யாரு மூஞ்சில கரி பூசுவாங்கன்னு யோசனை பண்ணுனியா? விருதைத் திருப்பிக் கேப்பாங்க. கட்டுரையைத் தூக்கிருவாங்க. உம்பட பேரைச் சொன்னாலே பசங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும் சார்."

"நானா உன்னைக் குங்குமம் வெக்கச் சொன்னேன்?"

அதில் ஒரு தப்பும் இல்லை. அவர் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. சிவந்த உதடு, சுண்ணாம்பு ஒட்டிய மீசை. பிறகு ஜன்னல் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. அது சுத்தமாக இருந்ததுதான் இன்னும் மோசம். நன்றாகக் கழுவித் துடைத்த முகம், நடுவில் ஸ்டிக்கர்.

"பழைய பிளாங்க்கைப் போடச் சொன்னது நீங்க. போட்டது நான். ரெண்டையும் எழுதியிருக்கேன் சார்" என்றேன்.

எழுந்து போனார். பாராட்டு மலரை வேறு யாரிடமாவது கொடுக்கச் சொல்லி மதியம் உத்தரவு வந்தது. இந்த மாதத்தில் வந்த ஒரே நல்ல செய்தி.

அக்டோபர் 11, ஆயுத பூஜை

சுண்டல், பொரி, வழக்கமான ஆரவாரம். அலுவலகத்து நண்பர் ஒருவர் குங்குமத் தட்டோடு சுத்த அறைப்பக்கம் போனார். ஹாஜிரா கதவுக்குக் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். "வெளியில மட்டும் வைங்க சார், சுண்டலை எங்கிட்ட கொடுங்க" என்றாள்.

நான் யாருக்கும் முகம் கொடுக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். குழாயில் தண்ணீர் இல்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

தீர்ப்பாயம். பிரமாணப் பத்திரம் பதினான்கு பக்கம். எழுதற வியாதி. அறிக்கை தவறு, பற்களில் இருப்பது ஆலையின் ஈயம், பொட்டு வைத்தவள் நான், பக்கம் கிழித்தவள் நான் என்று எல்லாவற்றையும் வாசித்தார்கள். ஆலையின் வக்கீல் சிரித்தார். "அன்னைக்குப் பொய் சொன்ன மேடம் இன்னைக்கு உண்மை சொல்றாங்கன்னு எப்படி நம்பறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான் ஹாஜிராவைச் செய்யச் சொன்னேன் என்றேன். விரிவாக்கத்துக்கு இடைக்காலத் தடை. ஊர்க்காரர்களின் இரத்தத்தைச் சோதிக்க ஒரு குழு. இப்போது ஓடும் ஆலை ஓடிக்கொண்டுதான் இருக்கும். அடுத்த விசாரணை ஜனவரியில்.

வராண்டாவில் மாதம்மாள் நின்றிருந்தாள். ஊர்க்காரர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். ஒருவர் என் காலடியில் காறித் துப்பிவிட்டுப் போனார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இவள் மட்டும் பக்கத்தில் வந்தாள். ஊர்க்காரர்களுக்காகத் தமிழிலும் வாசித்தார்கள், எல்லாம் கேட்டிருக்கிறாள். வைவாள் என்று காத்திருந்தேன். வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏழாம் எண் டப்பாவைக் கொடுத்தேன். திறந்து, உள்ளே கிடந்த அந்தத் துணுக்கைப் பார்த்தாள். "இம்புட்டுதான் மிச்சமுங்களா?" என்றாள். "செரி, ஊட்டு மேல எறிஞ்சுடறேன்" என்று முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "அப்ப நாளைக்கு அவன வேலைக்கு அனுப்பட்டுங்களா, வேணாங்களா? நீங்க என்னா சொல்றீங்க?"

இத்தனையும் கேட்ட பிறகு, என்னிடம்.

"அனுப்பாதீங்க" என்றேன். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போகணும். நானும் வர்றேன்."

அவள் என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. அவளுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"செரிங்க" என்றாள்.